தானியம் போன வழி

என் சின்ன வயதில் எங்கள் மேட்டாங்காட்டில் ஆடிப்பட்டத்துக்குக் கம்பும் சோளமும் விதைப்பார்கள். ஊடே துவரையும் தட்டையும், வரப்போரம் ஆமணக்கு. இன்று அதே காட்டில் மக்காச்சோளம் மட்டும் நிற்கிறது. அதில் ஒரு மணிகூட எங்கள் அடுப்புக்கு வருவதில்லை. களத்திலிருந்து நேராகத் தீவன ஆலைக்குப் போகிறது, அங்கிருந்து நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப் பண்ணைகளுக்கு. பிறகு முட்டையாகவும் கறியாகவும் கடைக்கு வருகிறது. காசு கொடுத்தால் எங்கள் தட்டுக்கும் வரும். மனிதர் உடம்புக்கு வேண்டிய ஆற்றல் செடியிலிருந்து எவ்வளவு, கால்நடையிலிருந்து எவ்வளவு என்ற கணக்கு கடந்த அறுபது ஆண்டுகளில் உலகம் முழுக்க மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை ஊரைவிட்டு எங்கும் போகாமலே பார்த்த தலைமுறை எங்களுடையது.

நாமக்கல் அப்போது தனி மாவட்டம் அல்ல, சேலத்தோடு இருந்தது. 1997-இல்தான் பிரித்தார்கள். ராசிபுரம் பக்கத்து மானாவாரி ஊர் எங்களுடையது. காலையில் பழைய கம்மஞ்சோற்று உருண்டையை மோரில் கரைத்துக் குடிப்போம், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மத்தியானம் ராகிக்களியும் கீரைக் கடைசலும், இல்லாவிட்டால் தட்டப்பயிற்றுக் குழம்பு. ராத்திரி சோளச்சோறும் கொள்ளுப்பருப்பும். நெல்லுச்சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் நோம்பிக்கு, கல்யாண வீட்டில். காய்ச்சலில் படுத்தவருக்கு அரிசிக்கஞ்சி உண்டு. அரிசி வாங்கப் பணம் வேண்டும். கம்பு குதிரில் இருந்தது.

அந்தக் கம்பு சோறாவதற்குள் ஒரு பெண்ணின் இடுப்பு ஒடிந்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கல் உரலில் போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். முதல் குத்தில் தவிடு பிரியும். முறத்தில் புடைத்துவிட்டு மறுபடி உரலில் இட்டு நொறுக்கி, நொய் வேறு மாவு வேறாகச் சலிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் நொய்யைப் போடுவார்கள். அது பாதி வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிளற வேண்டும், விட்டால் அடி பிடிக்கும். இறக்கி ஆறவைத்து, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். என் அப்பாவைப் பெற்ற ஆத்தா பகலெல்லாம் காட்டில் களை வெட்டிவிட்டு வந்து, இருட்டிய பிறகு இதைச் செய்தார். அவர் உள்ளங்கை இரண்டிலும் உலக்கை உரசிய இடம் காய்த்துக் கருத்துப் போயிருக்கும். எங்கள் தலையைத் தடவும்போது அது முடியில் சிக்கும்.

இதைச் சொல்லாமல் கம்மஞ்சோற்றின் பெருமையை மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காத காரியம். இப்போது சிறுதானியத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற பலரும் உலக்கையைத் தொட்டதில்லை. அன்று ஆனி, ஆடியில் பல வீட்டுக் குதிர் காலியாகிவிடும். பண்ணையத்துக்கு வருபவர்களுக்குக் கூலி, வள்ளத்தில் அளந்த கம்பும் சோளமும்தான். மழை பொய்த்த வருஷம் வேலையும் இல்லை, வள்ளமும் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காட்டுக்கீரையைப் பறித்து வேகவைத்து, அதில் ஒரு கைப்பிடி மாவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். என் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். பசியில் அவர்கள் கண் சொருகியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் மத்தியானம் காமராசர் கொண்டுவந்த சாப்பாடு இருந்தது. அமெரிக்காவின் கேர் அமைப்பு கொடுத்த பால் பவுடரும் வந்தது. சில பிள்ளைகளுக்கு அந்த வருஷத்தில் கிடைத்த பால் அது ஒன்றுதான்.

கால்நடை வழியாக எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மோர்தான். எருமை கறந்த பால் விற்பனைக்குப் போகும். வீட்டுக்கு நிறுத்தியதிலும் வெண்ணெய் எடுத்து உருக்கி நெய்யாகச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். கோழி முட்டையைத் தின்ன மாட்டோம், அதை அடை வைக்க வேண்டும். ஒரு முட்டையைத் தின்றால் ஒரு கோழி போச்சு என்பது ஆத்தாவின் கணக்கு. மிஞ்சியதை வாரம் ஒருமுறை வரும் முட்டைக்காரர் வாங்கிக்கொள்வார். பெரியவளான பெண்ணுக்கு மட்டும் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பார்கள். விருந்தாளி வந்தால் ஒரு சேவல். நோம்பிக்கு ஆட்டுக்கறி, அதையும் பத்துப் பதினைந்து வீடு பங்கு போட்டுக்கொள்ளும். எண்ணெய் செக்கில் ஆட்டியது. கரண்டியில் எடுத்துத் தாளிப்பார்கள், சட்டி நிறைய ஊற்றுவது நோம்பிக்கு முறுக்குச் சுடும் அன்று மட்டும். நிலக்கடலையை எண்ணெயாகத் தின்றதைவிடக் கடலையாகத் தின்றது அதிகம், செடியோடு பிடுங்கிக் காட்டிலேயே சுட்டு.

பிற்பாடு நான் வேளாண்மை படித்தேன். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் நாடுவாரியாக வெளியிடும் உணவு இருப்புக் கணக்கைக் கல்லூரி நூலகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, எங்கள் வீட்டுச் சட்டிபானை அதில் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் உலகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த உணவு ஏறத்தாழ 2,200 கலோரி. இந்தியாவில் அது 2,000 அளவில் இருந்தது. அதில் கால்நடை, மீன், முட்டை வழி வந்தது உலகச் சராசரியில் 15 சதவீதம், இந்தியாவில் 6 சதவீதத்தைச் சுற்றி. இன்று உலகச் சராசரி 3,000 கலோரியை நெருங்கிவிட்டது, இந்தியா 2,500-ஐத் தாண்டிவிட்டது. உலகத்தில் அந்தக் கால்நடைப் பங்கு 18 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. நம் நாட்டில் பத்தைச் சுற்றி. அதிலும் பெரும்பகுதி பால். இது தட்டில் விழுந்ததன் கணக்கு அல்ல, நாட்டில் கிடைத்ததன் கணக்கு. வீணானதும் இதற்குள் அடக்கம். யார் வீட்டுக்கு எவ்வளவு போனது என்பதையும் அது சொல்லாது.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த பென்னட் என்ற பொருளியலாளர் 1941-இலேயே ஒன்றைக் கவனித்து எழுதினார். கையில் பணம் ஏற ஏற, மனிதர்கள் தானியத்திலிருந்தும் கிழங்கிலிருந்தும் பெறும் கலோரியின் பங்கு குறைந்துகொண்டே வரும் என்பது அவர் சொன்னது. ஊர் எதுவானாலும் இது மாறுவதில்லை. மாறுவது, தானியம் காலி செய்த இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதுதான். சீனாவில் பன்றிக்கறி உட்கார்ந்தது. 1960களின் தொடக்கத்தில், பஞ்சம் தாக்கிய அந்த வருஷங்களில், அங்கே ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு நான்கு கிலோ இறைச்சிகூடக் கிடைப்பது அரிது. இன்று அறுபது கிலோவுக்கு மேல். கால்நடையின் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே இருந்து 20-ஐத் தாண்டிவிட்டது. மனிதகுலத்தில் ஐந்தில் ஒருவர் சாப்பாட்டை இவ்வளவு வேகமாக மாற்றிக்கொண்டது இதற்கு முன் நடந்ததில்லை.

அமெரிக்கக் கணக்குத்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. அங்கே 1960களில் கலோரியில் மூன்றில் ஒரு பங்கு கால்நடை வழி வந்தது. இன்று அது கால் பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கறி குறைந்ததால் அல்ல, மொத்தம் ஏறியதால். அப்படி ஏறியதில் பெரும்பங்கு தாவர எண்ணெய்க்குப் போகிறது. உலகம் முழுவதையும் எடுத்தாலும் தாவர எண்ணெயிலிருந்து ஒரு ஆள் பெறும் கலோரி இந்தக் காலத்தில் இருமடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. உலகமே கறிக்கு மாறிவிட்டது என்று சொல்கிறவர்கள் இந்த வரியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். செடியிலிருந்து வரும் ஆற்றலின் பங்கு இன்னும் ஐந்தில் நான்குக்கு மேல். செடிதான் வேறாகிவிட்டது, செடியில் நாம் எடுக்கும் பாகமும் வேறாகிவிட்டது.

எங்கள் ஊரில் தானியத்தின் இடத்தை முதலில் பிடித்தது இன்னொரு தானியம், அரிசி. 1967-இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி என்று வாக்குக் கொடுத்துத் தேர்தலில் நின்றபோது எங்கள் தெருவில் கிளம்பிய ஆரவாரம் எனக்கு நினைவிருக்கிறது. பசித்தவர்களின் ஆரவாரம் அது. பிறகு ரேஷன் கடை ஊருக்கு வந்தது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோதும், தமிழ்நாடு எல்லாருக்கும் என்பதை விடவில்லை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011-இலிருந்து இலவசம். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் முன்னே சொன்ன பிள்ளைகளின் பிள்ளைகள் பசியில்லாமல் வளர்ந்தது இந்த அரிசியால்தான். ஆத்தாவின் மருமகள்கள், அதாவது என் அம்மாவும் சித்திமாரும், உலக்கையைப் பரணில் போட்டதும் இதனால்தான். 1980கள் முடிவதற்குள் எங்கள் தெருவில் உரல் சத்தம் நின்றுவிட்டது. கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர்கள் கரும்பும் மஞ்சளும் போட்டார்கள், மோட்டார் இல்லாதவர்கள் மரவள்ளி வைத்தார்கள். மரவள்ளி சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாக வடநாட்டுக்கு ரயில் ஏறியது. கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளையும் மரவள்ளி பிடித்துக்கொண்டது.

கலோரி என்று மட்டும் பார்த்தால் இதில் நட்டமே இல்லை. கம்பானாலும் ராகியானாலும் அரிசியானாலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. நட்டம் வேறு பத்தியில் இருக்கிறது. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியில் பத்தைச் சுற்றித்தான் இருக்கும். கம்பில் உள்ள இரும்புச் சத்தில் சிறு பங்குதான் வெள்ளை அரிசியில் உண்டு. நார்ச்சத்தைக் கேட்கவே வேண்டாம். கூடவே ஊடுபயிரும் போனது. கம்பங்காட்டில் விளைந்த துவரையும் தட்டையும் கொள்ளும் மரவள்ளிக் காட்டில் விளையவில்லை. வீட்டுப் பருப்பு கடைப் பருப்பானது, கடைப் பருப்பின் விலை ஏற ஏறக் குழம்பு தண்ணீரானது.

அதற்குப் பிறகு வந்தது கோழி. என் தம்பி மகன் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறான். அவன் கொட்டாய்க்குள் நுழைந்தால் தேங்காய் நார்க்கழிவு பரப்பிய தரையில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள். நமக்கு ஒதுங்கி வழிவிடும், நாம் கடந்ததும் மூடிக்கொள்ளும். பிறந்து ஒரு நாளான குஞ்சு பெட்டியில் வந்து இறங்குகிறது. முதல் வாரம் விளக்குச் சூட்டில் வைக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்டு போனால் ஜெனரேட்டரைப் போட ஓட வேண்டும், ஓடாவிட்டால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும். நாற்பது நாளைக்குள் இரண்டு கிலோ. ஆத்தா வளர்த்த நாட்டுக்கோழிக்கு அந்த எடை வர அரை வருஷத்துக்கு மேல் ஆகும்.

“குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் கம்பெனி குடுத்துருதுங்க பெரியப்பா. கொட்டாயும் கரண்டும் ஆளும் நம்முளுது. எடையப் பாத்து வளர்ப்புக்கூலி போடுவாங்க” என்றான்.

தீவன மூட்டை ஒன்றைப் பிரித்துக் கையில் அள்ளிக் காட்டினான். உடைத்த மக்காச்சோளத்தின் மஞ்சள் வாசம். பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்ததாக வடக்கிலிருந்து வரும் சோயாப் புண்ணாக்கு. முட்டைக்கோழிக்கு என்றால் ஓடு கெட்டியாவதற்குக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ப்பார்கள்.

முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் அளவில் தீவனம் தின்னும். கிலோவுக்கு ஏறத்தாழ 2,600 கலோரி என்று வைத்தால், ஒரு நாளில் அதன் அலகுக்குள் போவது 280 கலோரிக்கு மேல். வெளியே வரும் முட்டையில் 70 கலோரி சொச்சம். நாலு பங்கு ஆற்றல் உள்ளே போய் ஒரு பங்கு வெளியே வருகிறது. மீதி மூன்று பங்கு அந்தக் கோழி மூச்சுவிடவும் உடல் சூட்டைக் காக்கவும் செலவாகிறது. மாடும் ஆடும் இதைவிட அதிகம் கேட்கும், ஆனால் அவை மனிதர் தின்னாத புல்லையும் சோளத்தட்டையும் தின்றன. எங்கள் ஆத்தாவின் கோழியும் அப்படித்தான், களத்தில் சிந்தியதையும் குப்பையில் புழுவையும் பொறுக்கி வளர்ந்தது. இன்றைய கோழிக்கு நிலம் ஒதுக்கி விதைக்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கால்நடைக்குப் போகிறது. இப்போது எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் கேட்கத் தொடங்கிவிட்டன. காருக்கும் கோழிக்கும் போட்டி, விலை ஏறுகிறது. ஏறிய விலையைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர் கடைசியாகப் போட்டிருந்த சோளத்தையும் விட்டுவிட்டார். 2018-இல் படைப்புழு வந்து இளங்குருத்தைத் தின்று பயிரையே அழித்தபோதுதான், ஒரே பயிரை ஊர் முழுக்க வைத்திருப்பதன் ஆபத்து எங்களுக்குப் புரிந்தது. மருந்து அடித்துத் தேற்றிக்கொண்டு மறுபடி அதையே விதைத்தோம். வேறு எதற்கு வாங்க ஆள் இருக்கிறது?

இந்த நாலுக்கு ஒன்று கணக்கைக் காட்டி முட்டை வீண் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. அந்த முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளும் தரத்தில். அரிசியிலும் கம்பிலும் கிடைக்காத வைட்டமின் பி12 இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவில் 1989-இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு படிப்படியாகக் கூடி, இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் ஒரு வேகவைத்த முட்டை. ஒரு முட்டையைத் தின்றால் ஒரு கோழி போச்சு என்று பயந்த ஊரில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை தட்டில் தினம் முட்டை விழுகிறது. என் வாழ்நாளில் நான் பார்த்த நல்ல மாற்றங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன். உலகச் சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று 2019-இல் ஈட்–லான்செட் குழு ஒரு திட்டம் வெளியிட்டது. அதில் முட்டைக்கு ஒதுக்கிய அளவு நாளைக்கு 13 கிராம், வாரத்துக்கு ஒன்றரை முட்டை வரும். மூன்று வேளையும் கறி தின்கிற தேசத்துக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தும். ராசிபுரம் பக்கத்துப் பால்வாடிக் குழந்தையின் தட்டிலிருந்து அதைக் காட்டி ஒரு முட்டையைக்கூட யாரும் எடுக்கக் கூடாது.

எனக்குக் கவலை முட்டையிலும் கறியிலும் இல்லை, எண்ணெய்ச் சட்டியில்தான். 1994-இல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று உலகத்தில் அதிகப் பாமாயில் வாங்கும் நாடு இந்தியா. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை அழித்து நட்ட மரத்தின் எண்ணெய், எங்கள் ஊர்ச் செக்கு நின்றுபோன இடத்துக்கு வந்து சேர்ந்தது. நம் மாநிலத்தில் 2007-இலிருந்து சிறப்புப் பொது விநியோகத்தில் பருப்போடு பாமாயிலும் தருகிறார்கள். லிட்டர் 25 ரூபாய். ஒரு லிட்டரின் எடை 900 கிராமுக்குச் சற்று மேல், கிராமுக்கு 9 கலோரி, ஆக 8,000 கலோரிக்கு மேல். உழைக்கும் ஆளுக்கு மூன்று நாலு நாள் ஆற்றல் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே 25 ரூபாய்க்குக் கடையில் மூன்று நாலு முட்டை வாங்கினால் 300 கலோரிகூட வராது. கையில் காசு குறைவாக இருப்பவர் எதை வாங்குவார்? எண்ணெயிலிருந்து ஆற்றல் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது நம் வரலாற்றில் இதுவே முதல் தடவை. அதில் புரதம் இல்லை, இரும்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை.

எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு விசைத்தறி ராத்திரி வேலை முடித்தவர்களும் கட்டட வேலைக்குக் கிளம்புகிறவர்களும் அங்கே நிற்பார்கள். ஆளுக்கு ஒரு டீ, ஒரு பப்ஸ் அல்லது இரண்டு போண்டா, சிலருக்குத் தேங்காய் பன். மைதா, பாமாயில், சர்க்கரை. மூன்றும் செடியிலிருந்து வந்தவைதான். மத்தியானம் வரை தாங்கும் என்கிறார்கள், தாங்கவும் செய்கிறது. அவர்களில் ஒருவருக்கு நாற்பது வயது. சர்க்கரை வியாதி வந்து மாத்திரை போடுகிறார், மாத்திரை போட்டுவிட்டு அதே பன்னைத் தின்கிறார். வீட்டில் காலையில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. மனைவியும் மில்லுக்கு முதல் ஷிப்ட் போகிறார். அவரிடம் போய்க் கம்மஞ்சோறு தின்னுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? யார் இடித்துக் கொடுப்பது?

இந்தியக் கிராமங்களில் 1999–2000-இல் ஒரு குடும்பம் செலவழித்த நூறு ரூபாயில் 22 ரூபாய் தானியத்துக்குப் போனது. 2022–23 கணக்கெடுப்பில் அது 5 ரூபாய்க்கும் கீழே. ரேஷன் அரிசி இதற்கு ஒரு காரணம். தானியத்தில் மிஞ்சிய ரூபாயில் நல்ல பங்கு பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் போயிருக்கிறது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை, பத்தில் நாலு பேருக்கு அளவு மீறிய எடை. இரண்டும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே உடம்பில். ஆற்றல் தேவைக்கு மேல் இருக்கிறது, ரத்தத்தில் இரும்பு இல்லை. மொத்தக் கலோரியை மட்டும் எண்ணிச் சாதனை என்று எழுதும் எந்த அறிக்கையும் இந்தப் பெண்ணைப் பார்க்காமல் எழுதியது.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும் நகரத்து அங்காடிகளில் கம்பும் சாமையும் அழகான பைகளில் ஏறி உட்கார்ந்தன, அரிசியைப் போல இரண்டு மூன்று மடங்கு விலையில். ஏழைச் சாப்பாடாக இருந்தது வசதிக்காரர் சாப்பாடானதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்த ஆண்டு நடந்தவற்றில் எனக்கு நம்பிக்கை தந்தது ஒன்று உண்டு. நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் கார்டுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். ராகியை விவசாயிகளிடம் அரசே விலை சொல்லி வாங்கியது. அந்த இரண்டு கிலோ, மேடைப் பேச்சை எல்லாம்விடப் பெரிய வேலை. விதைப்பதற்கு முன்னால் விலை தெரிந்தால் விவசாயி விதைப்பான். மக்காச்சோளத்தை நாங்கள் ஆசையால் விதைக்கவில்லை, வாங்குவதற்கு லாரி வாசலுக்கு வருகிறது, அதனால் விதைக்கிறோம். கம்புக்கும் அந்த லாரி வர வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் சேலத்திலும் பெரம்பலூரிலும் வர வேண்டும்.

வந்தால் மட்டும் போதாது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகள் வேலை செய்தபோது, சாமை விதையைக் காப்பாற்றுவதோடு அதைத் தீட்டும் இயந்திரத்தையும் ஊர்ப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சென்ற மாதம் தம்பி மகன் வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது, ரேஷனில் கம்பு போட்டால் வாங்குவாயா அம்மா என்று அவன் மனைவியிடம் கேட்டேன். கோழிக் கொட்டாயில் தீனி அள்ளிப் போட்டுவிட்டு, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

“முழுக் கம்பா போட்டா மாட்டுக்குத்தானுங்க மாமா போவும். நொய்யா ஒடச்சுச் சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க, குக்கர்ல நாலு விசில்ல வேவற மாதிரி. குடுத்தா வாரத்துல மூணு நாளு நானே ஆக்கறேன்” என்றாள்.